ரசத்தில் எரிந்த ஜோதி

2004ஆம் வருடம் பாடாலூரில் கடவுள் ஒரு சிவப்பு பல்பாக இறங்கினார். மிளகு அளவு பல்பு. அதற்கு வயரில் கோத்த மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தகடு, ஒரு துத்தநாகத் தகடு. ஜோதிச்சாமியார் கிண்ணங்களில் தீர்த்தம் ஊற்றுவார். பல்பு எரியாது. அப்படியென்றால் வந்தவர் உடம்பில் சாபம். ஒரு மூட்டை சின்ன வெங்காயம் காணிக்கை வைத்தால் சாமி கிண்ணங்களில் திருநீறு தூவுவார், உடனே எரியும். சாபம் நீங்கியவர்கள் தங்கள் மாத்திரைகளை அங்கிருக்கும் அண்டாவில் போட்டுவிட வேண்டும். சாமி வெங்காயம் சாப்பிட மாட்டார். லாரியில் ஏற்றுவதோடு சரி.

ரோட்டோரம் பேட்டரி கடை வைத்திருந்த மலர்கொடிக்கு ஒரு சந்தேகம். சாமியின் சீடன் வாராவாரம் அவள் கடையில்தான் வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கினான். மடத்தில் ஒரு மொபெட்கூடக் கிடையாது. அதையும் அவள் மறந்திருப்பாள். ஆனால் நாத்தனார் ராசாத்தி, வலிப்பு மாத்திரையை அண்டாவில் போட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள் வலிப்பு வந்து அடுப்பின் மேலேயே விழுந்தாள். கை வெந்துபோனது.

"இன்னும் கொஞ்சம் சாபம் பாக்கி இருக்காம் அண்ணி. இன்னொரு மூட்டை வைக்கச் சொல்றாரு" என்றாள் ராசாத்தி.

"நானும் வரேன்."

மறுநாள் மடத்தில் முந்நூறு பேர். சாமி தீர்த்தம் ஊற்றினார். எரியவில்லை. திருநீற்றுத் தட்டை எடுக்கப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க சாமி" என்று எழுந்தாள் மலர்கொடி. கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டு, தன் டிபன் கேரியரில் இருந்த புளி ரசத்தை மூன்றிலும் ஊற்றினாள். கொத்தமல்லித் தழை மிதந்தது.

பல்பு எரிந்தது.

"மந்திரம் யாரும் சொல்லலைங்க. புளியும் உப்பும்தான் வேலை செய்யுது. இவரு ஊத்துன தீர்த்தம் எங்க கடைத் தண்ணி. உப்பே இல்லாத தண்ணி, அதான் எரியல. அந்தத் திருநீறைக் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க."

நாலு மூட்டை கொடுத்திருந்த பெரியசாமி வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குதுங்க" என்றார், குரல் இறங்கி.

"உன் பக்தியால ரசத்துக்கே சக்தி வந்துடுச்சும்மா" என்ற சாமி, பூஜைக்கு நேரமாகிவிட்டதென்று உள்ளே போனார். கொல்லைப்புறமாகப் போனவர் போனவர்தான்.

ஒரு பெண் மட்டும் பயபக்தியோடு கேட்டாள்: "அந்த ரசம் எந்த வியாதிக்குங்க கேக்கும்?"

"பசிக்கு" என்றாள் மலர்கொடி.

ராசாத்தி வெந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தாள். சர்க்கரை, பிரஷர், இதயம் என்று ஊர் மாத்திரையெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. எது யாருடையது என்று அவரவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அங்கே நின்றவர்களில் பலருக்கு அதுதான் முதல் யோசனை.