பேர்சி புகை விட்ட தவக்காலம்

கலியாணம் முடித்த இருபத்தாறு வருடத்தில் பேர்சி தன் மனைவி ஓட்றியிடம் ஒரு தடவைகூட வென்றதில்லை. ஆனாலும் மனிதர் மனம் தளர்ந்ததில்லை.

அந்த வருடம் விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வந்து அறிவித்தார்.

"இண்டையிலயிருந்து சிகரட்டை விட்டுட்டன்."

காரணம் இருந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனி மகள் றொவீனாவுக்குக் கலியாணம். சண்டைக் காலத்தில் ஊரடங்குக்குப் பயந்து ஐந்து மணிக்கே கலைகிற கலியாணங்களைப் பார்த்துச் சலித்தவர், இனி விடியும்வரை கப்ரிஞ்ஞா ஆடலாம் என்று காத்திருந்தார். போர்த்துக்கீச வழிவந்த பறங்கியரான அவர்கள் வீட்டு வழக்கப்படி மணப்பெண்ணோடு முதல் ஆட்டம் தகப்பனுக்கு. ஆனால் டாக்டரோ நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்தச் சுவாசப்பையோட ஆடினா பாதியில விழுவீங்க" என்றுவிட்டார். ஓட்றி சட்டம் போட்டாள். தவக்காலம் முழுக்கச் சிகரட் தொடாவிட்டால் பேர்சி ஆடலாம். தொட்டால் அவளுடைய தம்பி நைஜல் ஆடுவான்.

நைஜலின் பெயரைக் கேட்டாலே பேர்சிக்கு இருமல் வரும்.

முதல் நாலு நாள் சுத்தம். பிறகு, ஞாயிறு தவக்காலக் கணக்கில் சேராது என்பது ஞாபகம் வந்தது. சனி ஞாயிறுக்குப் பக்கத்து வீடு. அடுத்த கிழமை முடியமுன் வெள்ளி மட்டும்தான் நோன்பாக மிஞ்சியது. சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆகவே புளியந்தீவில் வாவிக்கரையோரம் இருந்த தன் தச்சுப் பட்டறையில் பற்றவைத்து, மரத்தூளை மேலெல்லாம் தூவிக்கொண்டு, கராம்பு மென்றபடி வீடு வந்தார்.

ஓட்றி கிளினிக்கில் கொடுத்த தாளைப் படித்தாள்.

"விட்டா கொஞ்ச நாளில மணம், ருசி எல்லாம் திரும்புமாம். திரும்பிட்டுதா?"

"திரும்பாமலா? இந்த மீன்கறி தேவாமிர்தம்."

"நேத்துச் சமைச்சது?"

"அதுவும்."

"ஒரு குறையும் இல்லையா?"

"குறையா? உன்ட கையிலயா?"

ஓட்றி தாளை மடித்து வைத்தாள். அவள் பேசாமல் இருந்தால் ஆபத்து என்பது இருபத்தாறு வருடமாகியும் பேர்சிக்குப் பிடிபடவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்குப் பத்து நாள் இருக்கையில் பட்டறையில் தனியாக ஆடிப் பார்த்தார். அரைச் சுற்றில் மூச்சு அடைத்தது. மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். மகளின் கையைப் பிடித்தபடி இப்படி விழுந்தால்? உண்மையாகவே பயந்துபோனார். பெட்டியோடு சிகரட்டை வாவிக்குள் எறிந்தார். அதன் பிறகு தொடவேயில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு வாய் சோறு வைத்தார். நாக்கு விழித்துக்கொண்டது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

"இஞ்ச ஓட்றி, கறிக்கு உப்பில்லையே."

"இல்லைதான்."

"மறந்திட்டியா?"

"மறக்கல்ல. நாலு கிழமையா உங்கட பங்குக்கு நான் உப்பே போடல்ல. இண்டைக்குத்தான் கேட்டிருக்கிறீங்க."



"இப்ப உண்மையா விட்டுட்டன்தானே, ஓட்றி?"

"ஓம். இனியும் தொடாதீங்க."

"அப்ப ஆட்டம்?"

"நைஜலுக்குச் சப்பாத்து வாங்கி மூண்டு கிழமை."