காட்டுக்கோழிக்குத் தீனி போட்ட கதை

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போகிற எந்த ஆண்பிள்ளையும் ‘அது எனக்குத் தெரியாது’ என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. எனக்கும் அன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வந்திருந்தால் மடுல்சீமையில் ஒரு காட்டுக்கோழியின் முன்னால் என் மானம் போயிருக்காது.

எங்களுக்குப் பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெயோடு, லைசன்ஸ் எடுத்துத் துப்பாக்கி மருந்தும் ஈய ரவையும் விற்றோம். விற்றதோடு சரி. நான் அதுவரை துப்பாக்கியைத் தோளில் வைத்ததே இல்லை. (உப்பு விற்கிறவனெல்லாம் கடலில் குதித்துவிட்டா வந்தான்?)

மாமனார் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணி. அவருடைய மூத்த மகன் வேலாயுதம், என் மனைவி பாக்கியத்துக்கு அண்ணன், எனக்கு மச்சான். பழைய துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன சின்னத் துப்பாக்கி ஒன்று மச்சானிடம் இருந்தது. அதன் குழலில் சுண்டுவிரல் நுழைவதே சிரமம். அந்த அளவில் தோட்டா பதுளையில் கிடைக்காது. அதனால் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பத்திரமாக எடுத்துவைத்து, அடியில் பொறி தட்டுகிற புதுக் கேப்பு பொருத்தி, மருந்தும் ரவையும் அவரே நிரப்பிக்கொள்வார். குறி தப்பாத கை.

அந்த வருஷம் மச்சானுக்கு நெஞ்சில் நோய். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது கம்பளிக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. ஒருநாள் காலையில் அவராகவே வாயைத் திறந்து, “காட்டுக்கோழிச் சாறு வச்சுக் குடிச்சா நல்லா இருக்கும் போல” என்றார்.

மகன் எதையாவது கேட்கமாட்டானா என்று ஏங்கிக்கிடந்த அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. சுடுவது யார்? மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது.

“நம்ம மாப்ள இருக்காருல்ல? மருந்து, ரவை எல்லாம் விக்கிறவராச்சே!” என்றார் அத்தை.

“அதுக்கென்னங்க அத்தை, சுட்டுட்டாப் போச்சு” என்றேன் நான். பாக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். (அவளுக்குத் தெரியும்.)

மச்சான் படுத்தபடியே தோட்டா நிரப்பும் முறையைச் சொன்னார். “இந்தக் கரண்டியால ஒரு கரண்டி மருந்து. அது மேல தக்கைய நல்லா அழுத்தி வைங்க. அப்புறம் அதே கரண்டியால ரவை. மேல அட்டை. அம்புட்டுதான் மாப்ள. எச்சா ஒண்ணும் வேணாம்.” சொன்ன களைப்பிலேயே தூங்கிப்போனார்.

கடைக்காரன் கை சும்மா இருக்குமா? எதை அளந்தாலும் கடைசியில் ஒரு சிட்டிகை கொசுறு போட்டால்தான் எங்களுக்கு வியாபாரம் முடிந்தமாதிரி. என்னைக் கேட்காமலே கை கொசுறு ரவை போட்டது. நோயாளிக்கு ஆயிற்றே என்று மனம் இன்னொரு சிட்டிகை போட்டது. இப்போது மேல் அட்டைக்கு இடமில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ‘தக்கையா போய்க் கோழியைக் கொல்லப்போகிறது?’ என்று அதைத் தூக்கி எறிந்தேன். அப்படியும் இடம் போதாமல் மருந்தைப் பாதியாகக் குறைத்தேன். ரவையில் மட்டும் கை வைக்கவில்லை. என் மூளை அன்று அவ்வளவு பிரகாசமாக இருந்தது.

மறுநாள் காலையில் மச்சான் தானும் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கம்பளியால் போர்த்தி, நாற்காலியோடு பின்வாசலில் கொண்டுவந்து வைத்தோம். வீட்டுக்குப் பின்னால் குரக்கன் (கேழ்வரகுதான்) கொல்லை. பனி விலகியதும் சிவப்புச் சேவல் ஒன்று தோரணையாக வந்து இறங்கியது. நான் குறிபார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு (இரண்டையும்) சுட்டேன்.

‘டுமீல்’ என்று கேட்டிருக்கவேண்டும். ‘புஸ்ஸ்’ என்றது. தக்கை இல்லாததால், இருந்த கொஞ்சம் மருந்தின் வேகமும் ரவைகளின் இடுக்கு வழியாகப் புகையாகப் போய்விட்டது. ரவைகள் கொத்தமல்லி கொட்டினமாதிரி எனக்கு முன்னாலேயே சலசலவென்று உதிர்ந்தன. சேவல் ஓடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தது. நிதானமாகக் கிட்டே வந்து, ரவையில் ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது. அப்புறம்தான் போயிற்று.

அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாகக்கிடக்கிற மனுஷன் கேட்ட ஒரே ஒரு பொருள்.

அப்போது நாற்காலியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

“மாப்ள... அதச் சுடச் சொன்னா... தீனியா போட்டீங்க? தக்கை எங்க?”

“இடம் இல்லீங்க மச்சான்.”

“ஏன் இல்ல?”

“ரவை கொஞ்சம்... கொசுறு.”

“கொசுறா!” என்று அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, கண்ணீர் வந்து, பாக்கியம் ஓடிப்போய் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். அத்தையும் சிரித்தார். மாமாகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தை தன் முட்டைக்கோழியை அறுத்துச் சாறு வைத்தார். மச்சானுக்கா ருசி தெரியாது? “மாப்ள சுட்ட கோழி நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி இரண்டு வாய் குடித்தார். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் மச்சான் பேச்சை எடுக்க முடியாமல் போயிற்று. பெயரைச் சொன்னாலே அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், “மாப்ள, அந்தக் கோழிக் கதையச் சொல்லுங்க” என்று அத்தையே ஆரம்பித்துவைப்பார். என் மானம்தானே, போகட்டும் என்று நானும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அத்தை மட்டும் கதையில் சேவல் போகும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, என் பக்கம் நகர்ந்து உட்காருவார்.

“அதுக்கப்புறம் அவன் எப்படிச் சிரிச்சான்? அதச் சொல்லுங்க மாப்ள.”

அதை மட்டும் எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்ல வரவில்லை.