அப்பாவின் காலுக்குச் சான்று

என்றென்றும் மதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு, உங்கள் தம்பி மகன் எழுதிக்கொள்வது.

என் அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதற்கு அப்பாவே காரணம் என்று பத்திரிகைக்காரரிடம் பொய் சொன்னவர் நீங்கள். மற்றபடி இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். போன மாதம், பல வருடம் முன் அப்பா விழுந்த அதே ஏழு மாடி வணிக வளாகத்தின் மொட்டை மாடிக்கு ஏசி ரிப்பேருக்குப் போனேன். நீங்கள் மேற்பார்வையாளராக நின்று கட்டிய கட்டடம்தான். கீழே வாசலில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். முதலாளி பெயர், அவர் மனைவி பெயர், திறந்துவைத்தவர் பெயர், பளிங்கு சப்ளை செய்த கம்பெனியின் பெயர்கூட இருக்கிறது. கல்லைச் சுமந்தவன் ஒருவன் பெயரும் இல்லை. எரிச்சலில் போனை எடுத்து இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தக் கட்டடத்தைத் தேடினேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்தக் கலைக்களஞ்சியம்தான். அதில், “இக்கட்டடம் எந்த விபத்துமின்றிக் கட்டி முடிக்கப்பட்டது” என்று ஒரு வரி. வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா காலைத் தடவிக்கொண்டார். “அப்போ நான் எதுலேர்ந்துடா விழுந்தேன்?” என்றார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். உடனே உட்கார்ந்து, “சாரம் சரிந்து நான்கு தொழிலாளர்கள் காயமடைந்தனர், முதலாளிகளுக்கு வெட்கமில்லை” என்று திருத்தினேன். கப்பைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் அழித்துவிட்டார்கள். மறுபடி போட்டேன், மறுபடி அழித்தார்கள். அழித்தவர் ‘அரைப்புள்ளி’ என்ற புனைபெயர்க்காரர். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் தெரியாது. “வெட்கமில்லை என்பது தங்கள் கருத்து. காயமடைந்தனர் என்பதற்குச் சான்று தேவை” என்று, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார். சான்றா வேண்டும் என்று அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, காலைப் போட்டோ எடுத்தேன். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பக்கவாட்டுல எடுடா, தையல் தழும்பு அங்கதான் நல்லாத் தெரியும்” என்று திரும்பித் திரும்பிக் காட்டினார். போட்டோவைப் போட்டேன். பதில் வந்தது: “தங்கள் தந்தையின் கால் விரைவில் நலம்பெற வேண்டும். ஆனால் அது வெளியிடப்பட்ட சான்று ஆகாது.”

“எக்ஸ்ரே இருக்குன்னு சொல்லு” என்றார் அப்பா. சொன்னேன். “எக்ஸ்ரே எலும்பு உடைந்ததைக் காட்டும். எந்தக் கட்டடத்தில் உடைந்தது என்று காட்டாது” என்று பதில். நான் பல்லைக் கடித்தேன். அப்பா தலையை ஆட்டி, “சரியாத்தானே கேக்கிறாரு” என்றார். யார் பக்கம் இவர் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து, “முகம் தெரியாதவங்ககூட என்னடா சண்டை? சொந்தக்காரங்ககூடப் போட்டதே இன்னும் முடியலை” என்று குரல் கொடுத்தாள். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. நீ முதலாளியின் கைக்கூலி, எத்தனை பேரைத் தின்றது உன் கம்பெனி என்று வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். வசவுக்காக என்னை எழுதவிடாமல் தடுத்து வைத்தார்கள். தடை நீங்கித் திரும்பிப் போய்ப் பார்த்தால், பெரியப்பா, “எந்த விபத்துமின்றி” என்ற வரியைக் காணவில்லை. அழித்தவர் அதே அரைப்புள்ளி. “இந்த வரிக்குச் சான்று கம்பெனியின் சொந்த இணையதளம் மட்டுமே. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது தொழிலாளிக்குச் சான்றாகாது என்றால் முதலாளிக்கும் ஆகாது” என்று காரணம் எழுதியிருந்தார். என்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. இந்த ஊரில் அந்த முதலாளி சொன்னதை அழிக்கக் கை துணிந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வார்டு கவுன்சிலர் எழுந்து நின்று கும்பிடும் ஆள் அவர். அவருடைய வாக்கியத்தையும் என் அப்பாவின் காலையும் ஒரே தராசில் வைத்து, இரண்டும் எடை குறைவு என்று ஒருவர் தள்ளிவிட்டார். கோபப்படுவதா, அவர் காலில் விழுவதா என்றே தெரியவில்லை.

அதோடு விட்டாரா? விடவில்லை. விடுமுறை நாளில் ஏதோ நூலகத்துக்குப் போய், பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டி, அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்துப் படமெடுத்துப் போட்டார். யாரோ ஒருவருடைய அப்பாவின் காலுக்காக, சம்பளமில்லாமல், தூசியில் தும்மிக்கொண்டு! தும்மியதையும் எழுதியிருந்தார். பக்கத்தில் பாதிக்கு டைல்ஸ் விளம்பரம். அதன் கீழே ஒட்டினாற்போல நான்கு வரி: சாரம் சரிந்தது, நால்வர் காயம். கடைசி வரியில், தொழிலாளர்கள் கவனக்குறைவாக ஒரே பலகையில் கூடி நின்றதே காரணம் என்று மேற்பார்வையாளர் கூறினார் என்று இருந்தது. மேற்பார்வையாளர் என்றால் நீங்கள். அங்கே வேறு யார் மேற்பார்வையாளர்?

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். சான்று கிடைத்ததும் வேறு ஒருவர் வந்து, “தொழிலாளர்களின் கவனக்குறைவால் நால்வர் காயமடைந்தனர்” என்று கட்டுரையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். சான்று இருக்கிறதே! இப்போது சான்றை எடு எடு என்று கத்தியவன் நான். அரைப்புள்ளி எடுக்க மாட்டேன் என்றார். “பிடித்த பாதியை வைத்துக்கொண்டு பிடிக்காத பாதியைக் கிழிக்க முடியாது” என்றார். சண்டை முற்றி, இரண்டு பக்கமும் சேராத மூன்றாம் ஆள் ஒருவரைக் கூப்பிட்டோம். அங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் பெயர் ‘மழைக்கோட்டு’. இருவரும் எழுதியதையெல்லாம் பொறுமையாகப் படித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “இது நடந்ததா, நடந்ததாக ஒருவர் சொன்னாரா?”

இப்போது கட்டுரையில் இப்படி இருக்கிறது: “சாரம் சரிந்து நான்கு தொழிலாளர்கள் காயமடைந்தனர். அவர்களின் கவனக்குறைவே காரணம் என்று மேற்பார்வையாளர் கூறியதாக ஒரு நாளேடு எழுதியது. தொழிலாளர்களின் கூற்று செய்தியில் இல்லை.” கடைசி வாக்கியத்துக்கு மட்டும் தனியாக ஒரு சண்டை நடந்தது. இல்லை என்பதற்கு என்ன சான்று என்று அரைப்புள்ளி கேட்க, அந்தச் செய்தியை முழுக்க வாசித்துப் பாருங்கள் என்று மழைக்கோட்டு சொல்ல, அவர் வாசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பெரியப்பா, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்ன நடந்தது என்று அவரைக் கேட்க ஒரு நாதி இல்லை. போலீஸ் கேட்கவில்லை, கம்பெனி கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து, முகமே தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்து, அந்த மனிதரை யாராவது கேட்டார்களா இல்லையா என்று அத்தனை நேரம் வாதாடியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த நடு வாக்கியம் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை அப்பாவின் தலையில்தான் பழி. அதை மாற்ற உங்களால்தான் முடியும். சாரம் கட்டிய கயிறு இற்றுப்போயிருந்தது, கம்பெனி மாற்றவில்லை, அன்று நான் சொன்னது பொய் என்று ஏதாவது ஒரு பத்திரிகைக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள். அச்சில் வரட்டும். மற்றதை அரைப்புள்ளி பார்த்துக்கொள்வார்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். தங்கைக்கு அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை விடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன், முந்தாநாள் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “நீ படிச்சவன்தானே?” என்றார். “பேப்பர்ல போட்டதையெல்லாம் நம்பாதேன்னு அங்க அவ்வளவு சண்டை போட்டே. அண்ணன் விஷயத்துல மட்டும் பேப்பர்ல போட்டா நம்பிடுவியா? அவருதான் என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. அன்னிக்குப் பூரா என் பக்கத்துலயே நின்னாரு. பேப்பர்காரன்கிட்ட எப்போடா பேசினாரு?”

அப்படியானால் மேலே நான் எழுதிய எதற்கும் கால் இல்லை. “சொன்னீங்களான்னு நீங்க பெரியப்பாவைக் கேட்டதே இல்லியா?” என்றேன்.

“கேக்கலை.”

“ஏன்பா?”

“ஆமான்னு சொல்லிட்டா?”

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். பெரியம்மா எடுத்து, நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் உங்கள் இருமல் கேட்டது. நேற்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். பெரியப்பா, பத்திரிகைக்கெல்லாம் வேண்டாம். அச்சில் வர வேண்டாம். எங்களுக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் அதைச் சொன்னீர்களா, இல்லையா?