டாய்ல் மேபரியின் மகத்தான வருத்தம்

மனைவியைக் கைவிட்டவர்கள் உலகில் ஏராளம். ஆனால் கைவிட்டதை ஓர் இசைத்தட்டாகவே உயர்த்திய மகான் பாடகர் டாய்ல் மேபரி ஒருவர்தான். 1971இல் வெளியான அவருடைய 'வருத்தம்' என்ற பாட்டைக் கேட்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலமே மூக்கைச் சிந்தியது. லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி அழுதார்கள். ஒரு பாதிரியார் பிரசங்கத்துக்குப் பதிலாக இசைத்தட்டைச் சுழலவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்த வருத்தத்துக்கு மூலப்பொருளாக விளங்கிய பெருமை அவர் மனைவி வெர்னாவுடையது. கணவர் காரோடு கிளம்பிப்போன பிறகு, சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்து இரண்டு பெண்களை வளர்த்தாள். பாட்டில் வரும் 'ஒழுகும் கூரை' அவள் வீட்டுக் கூரைதான். பாட்டில் ஒழுகியபோது ஊர் உருகியது. வீட்டில் ஒழுகியபோது வெர்னா வாளி வைத்தாள்.

ஒரு ஞாயிறன்று நாஷ்வில் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து ஹாஸ்கின்ஸ் என்ற அதிகாரி வந்து, அவள் வைத்த சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, மேலிடத்துல அவசரக் கூட்டம் போட்டோம். நீங்க டாய்லை மன்னிக்கப் போறதா பேச்சு அடிபடுது. தயவுசெஞ்சு மன்னிச்சிடாதீங்க."

"ஏனாம்?"

"குடும்பத்தோட குஷியா இருக்கிறவன் பாடினா எவன் கேப்பான்? பற்பசை விளம்பரத்துக்குத்தான் ஆகும்."

"அவரு இன்னும் மன்னிப்பே கேக்கலையே!"

"என்னம்மா இது! அத்தனை பாட்டுலயும் கேட்டிருக்காரே. இசைத்தட்டு வாங்கலையா?"

"போட்டுக் கேக்க பாட்டுப்பெட்டி வேணுமே. அதையும்தான் கார்ல ஏத்திட்டுப் போயிட்டாரு."

அப்போது வாசலில் டாய்லே வந்து நின்றார். அடுத்த இசைத்தட்டின் அட்டைக்காக, 'மூடிய கதவின் முன்' படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தார். கதவு திறந்திருந்தது அவருக்குப் பெரிய இடைஞ்சல்.

"அம்மா, யாரு இவரு?" என்றாள் சின்னவள்.

வெர்னா டாய்லிடம் திரும்பினாள். "யோவ், ஒரே ஒரு வார்த்தை. பாடாம சொல்லு, போதும்."

டாய்லின் கண்கள் கலங்கின, நிஜமாகவே. தொப்பியைக் கழற்றினார். "வெர்னா... நான் உனக்கு..."

ஹாஸ்கின்ஸ் பதறியடித்துக் குறுக்கே பாய்ந்தார். "அய்யய்யோ, நிறுத்துங்க! இங்க மைக் இல்லே!"

கலைக்குக் கட்டுப்பட்டவர் டாய்ல். சொல்ல வந்ததை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு, அது ஆறிப்போவதற்குள் நாஷ்வில் போய்ச் சேர காருக்கு ஓடினார்.

வெர்னா வாசல்வரை வந்தாள்.

"போன தடவை என்னை விட்டுட்டுப் போனே. இந்தத் தடவை வித்துட்டுப் போறே."