நாற்பத்தேழாம் பை

"புண்ணையும் காணோம், மோதிரத்தையும் காணோம்! என்னங்க இது?"

பாறைக்காரர் சட்டென்று இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பதினைந்து நாளாக விரலில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, அடிபட்டுவிட்டது என்று மனைவியை ஏமாற்றியவர். இன்று குளிக்கும்போது அந்தக் கட்டு அவிழ்ந்து தண்ணீரோடு போய்விட்டது.

"விரலை இறுக்கிச்சும்மா. அதான் மோதிரத்தைப் பெரிசு பண்ணக் குடுத்திருக்கேன்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"நம்ம… நகைக்கடைக்காரர்கிட்டத்தான்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், பாவம். வந்த பொய்யும் நொண்டிக்கொண்டே வந்தது.

அலுவலகத்தார் பாறைக்காரர் என்று கூப்பிடும் இவர் ஒரு நிலவியல் ஆய்வாளர். ஒரு மொட்டை மலைக்குள் தங்கத் தாது இருக்கிறது என்று நான்கு வருடமாகச் சொல்லி வருகிறார். நூறடிக்கு ஒரு குழி வெட்டி, குழிக்கு ஒரு பை மண் எடுத்து, எண் எழுதிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார். அங்கே சலித்து, அரைத்து, எவ்வளவு தங்கம் என்று சொல்வார்கள். அதைப் பார்த்து இவர் வரைபடத்தில் நிறம் போடுவார். சிவப்பு என்றால் தங்கம். நீலம் என்றால் வெறும் மண். நான்கு வருடமும் நீலம்தான். கடைசி முயற்சியாக நூற்றிருபது பை போயிருக்கிறது. வெள்ளிக்கிழமையோடு மலைக்கான அனுமதி முடிகிறது. இந்தத் தடவையும் நீலம் என்றால் மலையை விட்டுவிடுவோம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

தங்கம் தேடி மண் அள்ளுகிறவர் கையில் தங்கம் இருக்கக் கூடாது. கொஞ்சம் உரசினாலும் முடிவு கெட்டுப்போகும். அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி முகாம் கதவில் ஒட்டினவரே இவர்தான். ஆனால் பதினைந்து நாளைக்கு முன்பு, மலையேறின பிறகுதான் கையில் மோதிரம் இருப்பது ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நாற்பத்தேழாவது குழியில் குனிந்து பையை நிரப்பும்போது சட்டையிலிருந்து பென்சில் விழுந்தது. எடுத்துக்கொண்டார். பென்சில் மட்டும்தான் விழுந்ததா என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தார்.

சோதனைக்கூடத்தில் கேட்கலாம்தான். கேட்டால், கதவில் ஒட்டின விதியைத் தானே மீறினதாக ஊருக்கே தெரிந்துவிடுமே!

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. நூற்றுப்பத்தொன்பது பை சுத்த நீலம். நாற்பத்தேழாம் பை மட்டும் டன்னுக்கு ஒன்பது கிராம் தங்கம்.

இயக்குநர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். "நாலு வருஷமா கத்தினீங்களே, ஜெயிச்சிட்டீங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். வரைபடத்தின் நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பார்க்கும்போதெல்லாம் பாறைக்காரருக்குத் தன் கல்யாணம்தான் தெரிந்தது. உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்க முடியவில்லை. தங்கம் மென்மையான பொருள். அரவை இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும், கொஞ்சம் துருவல்தான் மண்ணில் சேரும். ஒன்பது கிராம் என்று காட்ட அந்தத் துருவல் போதும்.

"எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு சார். இன்னொரு தடவை சோதிச்சிடலாம்" என்றார்.

அதே பொடியை மறுபடி சோதித்தார்கள். புதன்கிழமை ஒன்பதரை என்று வந்தது.

"பாத்தீங்களாய்யா! கிடைச்ச பிறகும் சந்தேகப்படறார். இவர்தான் ஆய்வாளர்!" என்று இயக்குநர் இன்னும் உரக்கக் கூவினார். துளைபோடும் இயந்திரத்துக்கு அன்றைக்கே சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை பாறைக்காரர் மேசையைச் சுற்றி இருபது தடவை நடந்தார். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பத்தேழை விட்டுவிட்டுப் புது வரைபடம் வரைந்தார். பூராவும் நீலம். மை காயவில்லை, இயக்குநர் உள்ளே வந்துவிட்டார்.

"எங்கய்யா நம்ம சிவப்பு?"

"அது வந்து சார்…"

"மறைக்கறீங்களா? யாருக்குக் குடுத்தீங்க? பக்கத்து மலைக் கம்பெனிக்கா?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மனைவி.

"நகைக்கடைக்காரர் உங்களைப் பாத்தே ஆறு மாசமாச்சாம்! உண்மையைச் சொல்லுங்க, யாருக்குக் குடுத்தீங்க?"

காதில் ஒரு கேள்வி, எதிரில் அதே கேள்வி.

"யாருக்கும் குடுக்கலை!" என்று பாறைக்காரர் கத்தினார். "என் மோதிரம் நாப்பத்தேழாம் பையில விழுந்துடுச்சு! அந்தத் தங்கம் மலையோடது இல்ல, என்னோடது!"

இயக்குநர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"அதுக்காகப் பதினஞ்சு நாளா உங்க சட்டைக்கு என்னைப் பொத்தான் மாட்ட வெச்சீங்களா?" என்றாள் மனைவி. குரலில் கோபம் பாதி, சிரிப்பு பாதி. "சரி, வேளையோட வீட்டுக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் மலை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார். "போனாப் போகுது" என்று பக்கத்து மலைக் கம்பெனி மத்தியானமே அதை எடுத்துக்கொண்டது. பாறைக்காரர் தன் சாமான்களை ஒரு பெட்டியில் அடுக்கினார். நான்கு வருட உழைப்பு போய்விட்டது. ஆனாலும் பொய் வரைபடம் கொடுக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு அவரால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடிந்தது.

அப்போது சோதனைக்கூடத்தில் மண் சலிக்கிற அம்மாள் மூச்சிரைக்க வந்தாள். கையில் ஒரு சின்ன உறை.

"மன்னிச்சுக்கோங்க சார். பொண்ணுக்குப் பிரசவம், பத்து நாள் லீவு. இன்னிக்குத்தான் வந்தேன். என் மேசையிலேயே பூட்டி வெச்சிட்டுப் போயிட்டேன்."

உறைக்குள் மோதிரம். ஒரு கீறல்கூட இல்லை.

"நாப்பத்தேழாம் பையைக் கொட்டினதுமே சல்லடை மேல நின்னுச்சு சார், அரைக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன், நல்லவேளை, இது மட்டும் உள்ள போயிருந்தா உங்க கணக்கே தப்பாப் போயிருக்குமே!"