மூன்று கிழமை அழியாத மருதோன்றி

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பிறகு பயப்படுகிற தாய்மார் உண்டு. நான் அந்த ரகமில்லை. முன்கூட்டியே பயந்து முடித்துவிடுவேன். காய்ச்சல் வந்து சேரும் நேரத்தில் எனக்குப் பயப்பட வேறு விஷயம் இருக்கும். இதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், சாய்ந்தமருதுக் கடற்கரையில், ஊர் பார்க்க ஒழிந்தது.

எல்லாம் ஒரு புள்ளியில் தொடங்கியது. மகள் ஷிஃபாவுக்கு அப்போது பதினேழு வயது. ஒரு பின்னேரம் கடற்கரைக்குப் போய்வந்து, காலை நீட்டிப் படுத்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிடப் போன நான், இடது உள்ளங்காலில் உளுந்தளவு கறுப்பு ஒன்றைக் கண்டேன். தட்டினேன். போகவில்லை.

“இது எப்ப இருந்து இரிக்கி?”

“எது?”

“இந்தக் கறுப்பு.”

“தெரியா உம்மா. என்ட உள்ளங்கால நான் ஏன் பாக்கப் போறன்?”

நியாயமான பதில்தான். ஆனால் எங்கள் மாதர் சங்கத்துக்கு அந்தக் கிழமைதான் ஒரு துண்டுப்பிரசுரம் வந்திருந்தது. கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு இலவசத் தோல் பரிசோதனை முகாம் நடத்தப் போகிறார்களாம். சங்கத்தின் செயலாளர் நான். (மனையியல் படிப்பிக்கிற ரீச்சர் என்பதால் எந்தப் பதவியும் என் தலையில்தான் வந்து விழும்.) தோல் புற்றுநோய் வெள்ளைக்காரருக்கு மட்டும் வருவதில்லை, எங்கள் நிறத்தவருக்கு உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி என்று ஒளிந்த இடங்களில் வரலாம், புதிதாக வந்த புள்ளியையும் வளர்கிற புள்ளியையும் காட்டுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதை நாலு தரம் வாசித்தேன். நாலாம் தரம் வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது புள்ளி வளர்ந்திருந்தது போலிருந்தது.

கணவரிடம் சொன்னேன்.

“மச்சம் புள்ள அது. என்ட முதுகிலயும் நாலு இரிக்கி. ஒரு நாளைக்காவது அதப் பாத்து நீ அழுதிருக்கியா?”

கிளினிக்குக்கு வரமாட்டேன், பள்ளிக்கூடத்தில் சோதனை வருகிறது என்று ஷிஃபாவும் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் முகாமை அவள் காலடிக்கே கொண்டுவந்துவிட வேண்டியதுதான். முகாமுக்கு நாள் குறிக்க டொக்டர் போன் எடுத்தபோது நான் தயாராக இருந்தேன். அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைப்பார்.

“எந்த நாள் ஆக்கள் கூட வருவாங்க?”

“பெருநாளைக்கு மறுநாள் பின்னேரம் டொக்டர். இறக்காமத்தில இருந்தெல்லாம் வந்து கடற்கரையில நிப்பாங்க.”

“பரிசோதனைக்குத் தடை ஏதும் இருக்கா?”

“ஒரு தடையும் இல்ல.”

(இந்தப் பதிலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

பெருநாளுக்கு முந்திய பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் மருதோன்றி என்றால் அது என் வீட்டில்தான். இலையை அரைத்து, தேயிலைச் சாயமும் தேசிக்காய்ப் புளியும் கராம்பும் சேர்த்து நான் ஒரு பதம் வைத்திருக்கிறேன். மூன்று கிழமைக்கு அசையாது. அன்றைக்கும் கைகள் வரிசையில் வந்தன. உள்ளங்கை நடுவில் வட்டம், பத்து விரலுக்கும் தொப்பி, நகம் முழுக்கப் பூச்சு. கடைசியாக ஷிஃபா. காலுக்கு வேண்டாமென்றாள். உடம்புச் சூடு தணியும் என்று சொல்லி உள்ளங்கால் முழுக்க அப்பினேன். அந்தப் புள்ளியின் மேல் மட்டும் பிஸ்மி சொல்லிக் கொஞ்சம் கனமாகவே வைத்தேன். டொக்டர் பார்க்குமுன் மருதோன்றியும் தன்னால் முடிந்ததைச் செய்யட்டுமே.

பெருநாளுக்கு மறுநாள் கடற்கரையில் கூடாரம் போட்டாயிற்று. தோணிகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வெயிலில் நிற்க வேண்டாம், குடை பிடியுங்கள், அகலத் தொப்பி போடுங்கள், வெயிலுக்கான கிறீம் பூசுங்கள் என்று டொக்டர் பேசினார். செயலாளர் நான் முன்மாதிரியாக நின்றேன். முக்காட்டுக்கு மேலே தொப்பி, தொப்பிக்கு மேலே குடை, முகத்தில் அரை ரியூப் கிறீம்.

“என்ன மச்சி, பேக்கரிக்குள்ள விழுந்து எழும்பினீங்களா?” என்றாள் கணவரின் தங்கை ஜெஸ்மின்.

முதல் ஆளாகக் கதிரையில் உட்கார்ந்ததும் அவள்தான். டொக்டர் வெளிச்சம் வைத்த கண்ணாடியை எடுத்தார். ஜெஸ்மின் கையை விரித்தாள். சிவப்பு.

“மற்றக் கை?”

அது இன்னும் சிவப்பு. அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள். டொக்டர் தலையை நிமிர்த்தி வரிசையைப் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்து வரிசை முழுவதும் கையை விரித்துக் காட்டியது.

“நாளைக்குப் பாருங்க டொக்டர், இன்னும் கறுக்கும்” என்றார் ஒரு பெண் ஆறுதலாக.

டொக்டர் கண்ணாடியை மேசையில் வைத்தார். “உள்ளங்கையும் தெரியல்ல, நகமும் தெரியல்ல. இந்த நாளைத் தெரிவு செய்தது ஆர்?”

நாற்பது சிவந்த சுட்டுவிரல்கள் ஒன்றாக என் பக்கம் நீண்டன.

வெட்கப்பட எனக்கு நேரமில்லை. ஷிஃபாவை இழுத்துவந்து காலைத் தூக்கி வைத்தேன். டொக்டர் நீண்ட நேரம் குனிந்து பார்த்தார்.

“உள்ளங்கால்ல ரேகை இருக்கு. கறுப்பு அந்த ரேகையின் மேட்டில இருக்கா, பள்ளத்தில இருக்கா என்றுதான் நான் பார்க்க வேணும். மேடு முழுக்க உங்கட மருதோன்றி.”

“பயப்படுற மாதிரியா டொக்டர்?”

“சின்னதுதான். பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் இருக்கும். ஆனா தெரியாததைத் தெரியும் என்று நான் சொல்லேலாது. நிறம் போனதும் கிளினிக்குக்குக் கொண்டு வாங்க. எத்தனை நாளில போகும்?”

ஜெஸ்மின்தான் பெருமையோடு சொன்னாள். “மச்சி வெச்சா மூணு கிழமை டொக்டர். கலங்காது.”

அன்றைக்கு முழுதாகப் பரிசோதிக்கப்பட்டவர்கள், தோணியில் சாய்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் மட்டும்தான். என் கணவரின் நாலு மச்சங்களும், பரீட்சை எழுதியது போல, திறமைச் சித்தி பெற்றன.

பிறகு அந்த மூன்று கிழமை. தேசிக்காய் தேய்த்தேன். உப்புத் தேய்த்தேன். பற்பசை, சவர்க்காரத் தூள், தும்பு, கடைசியில் கல். என் கைப்பதத்தை நானே சபித்தேன்.

“உம்மா, இது கால். சட்டி இல்ல” என்பாள் ஷிஃபா.

ஒரு நாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு, அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, காலருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உம்மா, நான் மவுத்தாப் போயிருவனா?” என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமல்.

“இல்ல மகள்.”

“அப்ப ஏன் அழுறீங்க?”

இத்தனை நாளும் நான் கால்மாட்டிலேயே இருந்திருக்கிறேன். முகத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை. அன்றைக்குத் தேய்ப்பதை நிறுத்தினேன். (ஏறக்குறைய.)

இருபத்திரண்டாம் நாள் கல்முனையிலிருந்த கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நான் யாசீன் ஓதத் தொடங்கி மூன்றாம் ஆயத்தில் நின்றேன்.

“பள்ளத்தில்தான் இருக்கு. சாதாரண மச்சம். போட்டோ எடுத்து வைங்க, மாதம் ஒருதரம் பாருங்க, மாறினா வாங்க.”

நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். டொக்டர் இன்னும் குனிந்தே இருந்தார்.

“ஆனா சுத்தியிருக்கிற தோல் ஏன் இப்படி உரிஞ்சிருக்கு?”

“அது உம்மா” என்றாள் ஷிஃபா.

பூசுவதற்கு ஒரு களிம்பு எழுதித் தந்தார். ஆக, என் மகளின் காலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே நோய் நான்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மருதோன்றிக் கிண்ணத்தோடு நான் குனிய, ஷிஃபா நீலப் பேனையால் மச்சத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

“இதுக்குள்ள வைக்கப்படா. இது உங்கட ஜன்னல்.”

சுற்றிவர வைத்தேன். சிவந்த உள்ளங்காலில் ஐந்து சதக் காசளவு வெறும் வட்டம், நடுவில் மச்சம். மறுநாள் அதைப் பார்த்த ஜெஸ்மினின் பிள்ளைகள் புது டிசைன் என்று நினைத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒழுங்கைப் பிள்ளைகள் வந்து, மச்சம் இருக்கிறதோ இல்லையோ, “மாமி, எனக்கும் ஜன்னல் வெச்சுத் தாங்க” என்கிறார்கள். வைக்கிறேன். வைக்குமுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையையும் காலையும் நகத்தையும் ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிடுகிறேன். மச்சி வீட்டில் மருதோன்றி வேண்டுமென்றால் முதலில் சோதனை எடுக்க வேண்டும் என்று ஜெஸ்மின் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். (முகாமையும் இப்போது நோன்புக்கு முந்திய மாதமே வைக்கிறார்கள். நாள் குறிக்க என்னிடம் எவரும் கேட்பதில்லை.)

கடைசியாக ஷிஃபா வந்து காலை என் மடியில் போடுவாள்.

“பாருங்க உம்மா. வளந்திருக்கா?” என்று சிரிப்பாள். வீடே சிரிக்கும்.

நான் சிரிக்காமல் பார்ப்பேன்.