டீசல் வண்டியும் எண்பத்திரண்டு கிலோ மெர்வினும்

இந்த வருடக் குளிர்கால விடுமுறைக்கு நெரிடா எங்களோடு வரக் கூடாது. இதுதான் நான் எடுத்த சபதம். கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று, குரலைத் தாழ்த்தி எடுத்தேன். ஆறு கோழிகள் சாட்சி. எங்கள் வீட்டில் நான் சொல்வதை எதிர்த்துப் பேசாத ஜீவன்கள் அவை மட்டும்தான்.

நெரிடா என் மனைவி ரேலீனின் அக்கா. முப்பது வருடம் மாட்டு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவள். இரண்டு பெட்டி கோத்த லாரியை, ஒரு கையில் தேநீர்க் குவளையோடு, பின்பக்கமாகவே தொழுவத்து வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துவாள். அது அவள் திறமை. என் தலையெழுத்து என்னவென்றால், அந்தத் திறமையை அவள் விடுமுறைக்கும் எடுத்துக்கொண்டு வருகிறாள்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு ஜூலைதான் குளிர்காலம்; அது வந்தால் எங்கள் ஹார்ஷம் ஊரில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். வண்டிக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு, வெயிலைத் தேடி வடக்கே போய்விடுவார்கள். நாங்களும் போவோம். இரண்டாயிரம் கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போவது பெரிய காரியமே இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு, கேரவனைப் பின்னோக்கித் தள்ளி, அதற்கென்று கோடு போட்ட இடத்தில் நுழைக்க வேண்டும். ஒரு குடும்பத் தலைவனின் மானம் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது. கேரவன்கள் தங்கும் பூங்காவில் சாயங்காலம் வேறு பொழுதுபோக்கும் கிடையாது. புது வண்டி ஒன்று உள்ளே வந்தால் போதும், ஆளுக்கொரு மடக்கு நாற்காலியும் பீரும் எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள்.

போன வருடம் நான் நாற்பது நிமிடம் காட்சி கொடுத்தேன். நான் இடப்பக்கம் திருப்பினால் கேரவன் வலப்பக்கம் போயிற்று. நான் வலப்பக்கம் திருப்பினால் அது போய்க் குடிநீர்க் குழாயை உடைத்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பக்கத்துக் கூடாரத்துக் குழந்தைகள் துண்டோடு வந்துவிட்டார்கள்.

"எறங்கு தம்பி" என்றாள் நெரிடா.

இறங்கினேன். அவள் ஏறினாள். ஒரே திருப்பு. கேரவன் பூனைக்குட்டி மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. மொத்தப் பூங்காவும் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு தாத்தா அவளுக்கு பீர் கொடுத்தார். எனக்கு உடைந்த குழாயின் கைப்பிடியைக் கொடுத்தார்.

அன்றைக்கு நான் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. ஒரே ஒரு வருடம், எத்தனை மணி நேரம் ஆனாலும், என் கேரவனை நானே நிறுத்த வேண்டும். 'எறங்கு தம்பி' என்ற குரல் கேட்கக் கூடாது. வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

இதை ரேலீனிடம் நேராகச் சொல்ல முடியுமா? கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் உயிரோடு இருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் நான் எதையும் நேராகச் சொல்லாததுதான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய பெட்ரோல் வண்டி உயிரை விட்டது. குடும்பத்துக்கும் ஆகும்படி, கேரவனையும் இழுக்கும்படி, கைக்கு அடக்கமாக ஒரு பழைய டீசல் வண்டி வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. வண்டிகளின் விவரத்தாள்களை மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'மூன்றரை டன் இழுக்கும்' என்று போட்டிருப்பார்கள். அடியில் எறும்பு எழுத்தில் இன்னொன்று இருக்கும்: வண்டி, கேரவன், உள்ளே உட்காரும் ஆட்கள், சாமான், எல்லாம் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் போலீஸ் பிடிக்கும். விபத்து நடந்தால் காப்பீடு கை விரிக்கும். ஊரில் எல்லோரும் அந்த எறும்பு எழுத்தைப் படித்துவிட்டுப் பெரிய வண்டியாகத் தேடுவார்கள். நான் ஒருவன்தான் சின்ன வண்டியாகத் தேடினேன்.

பழைய வண்டி விற்கும் லாக்லனிடம் போனேன். ஜூன் மாதக் குளிரிலும் அரைக்கால் சட்டையோடு நின்று இறைச்சி அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, உங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன். எட்டு சிலிண்டர். யானைய கட்டினாலும் இழுக்கும்."

"அவ்வளவு வேணாம்பா. இதைவிடக் கொஞ்சம் சோப்ளாங்கியா ஏதாவது இருக்கா?"

லாக்லன் தின்பதை நிறுத்தினான்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"அஞ்சு பேர் உக்காரணும். கேரவனையும் இழுக்கணும். ஆனா அஞ்சு பேரும் உக்காந்துக்கிட்டு இழுக்க முடியக் கூடாது. நாலு பேர்னா ஓடணும்."

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இழுக்காத வண்டிதான் வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"இழுக்கும். ஆனா இழுக்காது. அப்படி ஒண்ணு காட்டு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. ஆனாலும் காட்டினான். மூலையில், வேலி ஓரமாக, வெள்ளை நிறத்தில் நின்றது. இரண்டு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. கிளப்பினால் இருமியது. இருமி முடித்ததும் ஒழுங்காகத்தான் ஓடியது. முன்னால் வைத்திருந்தவர் டர்போவை மாற்றிய ரசீதுகூட இருந்தது. விவரத்தாளின் எறும்பு எழுத்தைப் படித்தேன். எனக்கென்றே செய்த வண்டி.

அடுத்த வேலை, வீட்டில் எல்லோருடைய எடையையும் சேகரிப்பது. என் எடையை எண்பத்திரண்டு என்று எழுதினேன். கல்யாணத்தன்று அவ்வளவுதான் இருந்தேன். நடுவில் ஏறியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா? மகள்கள் டீகனும் பிரியானியும் பள்ளிக்கூடத்தில் எடுத்த கணக்கைச் சொன்னார்கள். அடுப்படிக்குப் போனேன்.

"ரேலீன், சும்மா ஒரு கணக்குக்குத்தான். உன் எடை எவ்வளவு?"

அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. கத்தி மட்டும் கொஞ்சம் வேகமாயிற்று.

"எதுக்கு?"

"வண்டி பாதுகாப்புக்கு."

"அம்பத்தஞ்சு."

"ரேலீன்..."

"அம்பத்தஞ்சுன்னு எழுதுங்க."

ஐம்பத்தைந்து என்று எழுதினேன். கொட்டகைக்கு வந்ததும் மனசாட்சி உறுத்தியது. எடை விஷயத்தில் பொய் ஆபத்து. அடித்துவிட்டு எழுபத்தெட்டு என்று போட்டேன். நெரிடாவை நான் கேட்கவே இல்லை. ஆள் தொண்ணூறு, அவள் வழக்கமாகக் கொண்டுவரும் இரும்புச் சட்டிகள், கோடாலி, கருவிப்பெட்டி எல்லாம் நூற்றுப்பத்து, ஆக இருநூறு. கேரவன் தொட்டித் தண்ணீர்: பூஜ்யம். தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும் என்று இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஏப்ரலிலேயே நான் திறந்து விட்டுவிட்டேன்.

கூட்டிப் பார்த்தேன். நெரிடா ஏறினால் இருபது கிலோ அதிகம். நெரிடா ஏறாவிட்டால் தாராளம். காகிதத்துக்கு ஒரு முத்தம் கொடுத்து, தூண்டில் பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தேன். ரேலீனுக்கு மீன் புழு என்றால் அருவருப்பு. அந்தப் பெட்டியைத் தொட மாட்டாள்.

வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, நெரிடா சாப்பிட வந்திருந்தாள். ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே நான் தொண்டையைக் கனைத்தேன்.

"இந்த வருஷம் கெடுபிடி ஜாஸ்தியாம். கிளம்புறதுக்கு முன்னால கோதுமைக் கிடங்கு எடைமேடையில எல்லாரும் வண்டியோட ஏறி எடை போட்டுடணும். அதிகமா இருந்தா, என்ன பண்றது, யாராவது ஒருத்தர் இறங்கிக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு நெரிடாவைப் பார்க்காமல் பார்த்தேன்.

"ஏங்க, சாமான குறைச்சா போதாதா?" என்றாள் ரேலீன்.

அந்தப் பொந்தையும் அடைக்க வேண்டுமே.

"சாமான குறைக்கிற பேச்சே கிடையாது. எல்லாம் அத்தியாவசியம். ஒரு கரண்டியக்கூட இறக்க விட மாட்டேன். இறங்கினா ஆள்தான் இறங்கணும்."

"இதுதான் முடிவா?"

"முடிவு."

"கேட்டுக்கிட்டீங்களாடி?" என்று மகள்களிடம் கேட்டாள் ரேலீன். இருவரும் தலையாட்டினார்கள்.

"தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் நெரிடா. அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் எனக்குக் கறி எடுத்துப் போட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கறி நன்றாக இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் தோட்டத்துக் குழாய், வீட்டிலிருந்து கேரவன்வரை பாம்பாக நீண்டு கிடந்தது. "என்ன இது?" என்றேன். "கேரவன் அழுக்கா இருந்துச்சு, நேத்து கழுவினேன்" என்றாள் ரேலீன். பொறுப்பான மனைவி என்று நினைத்துக்கொண்டேன். நெரிடா வந்தாள். கையில் ஒரே ஒரு துணிப்பை.

"சட்டியெல்லாம் எங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இந்த வருஷம் வேணாம்னு விட்டுட்டேன் தம்பி."

என் கணக்கில் நூற்றுப்பத்து கிலோ போயிற்று; போகட்டும், மேடை ஏதாவது கூடக் காட்டாதா என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓட்டினேன். கிடங்கில் எடை பார்க்கும் கெல்வின் பளபளக்கும் மஞ்சள் சட்டையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மேடையில் வண்டியையும் கேரவனையும் ஏற்றினேன். ஐந்து பேரும் உள்ளே இருந்தோம். கெல்வின் தன் அறை ஜன்னல் வழியாகக் கூவினான்.

"எழுவது கிலோ அதிகம், தலைவரே!"

என் நெஞ்சு துள்ளியது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"அடடா. நெரிடா, மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே."

நெரிடா மறு பேச்சில்லாமல் இறங்கினாள். கெல்வின் பார்த்தான்.

"இன்னும் ஒம்பது அதிகம்."

"என்னப்பா உளர்ற? அவ தொண்ணூறு கிலோ!"

"அறுவத்தொண்ணுதான் குறைஞ்சிருக்கு. பூட்ஸோட சேத்து."

முப்பது வருடமாகக் குரலும் பூட்ஸும்தான் அவளைத் தொண்ணூறாகக் காட்டியிருக்கின்றன.

"ஒம்பது கிலோதானே? என் தூண்டில் பெட்டிய இறக்கிடலாம்."

"ஒரு கரண்டியக்கூட இறக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றாள் ரேலீன்.

"டாடி, முடிவுன்னு சொன்னீங்க" என்றாள் டீகன். பிரியானி தலையாட்டினாள்.

"சும்மா ஒரு தடவ நீங்க இறங்கிப் பாருங்களேன்" என்றாள் ரேலீன். "நெரிடா, நீ ஏறிக்கோ."

இறங்கினேன். அந்த மேடை என் காலுக்குக் கீழே ஒரு பெருமூச்சு விட்டதாகத் தோன்றியது. ஓரமாகப் போய் நின்றேன். கெல்வின் இரண்டு தடவை பார்த்தான்.

"சபாஷ்! இப்ப முப்பத்துநாலு கிலோ மிச்சம். தலைவரே, நீங்க மட்டும் நூத்திநாலு!"

இதைக் கூவிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

"வண்டிய யாரு ஓட்டுறது?" என்றேன். கடைசி ஆயுதம் அது. கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. நெரிடா ஏற்கெனவே என் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"சரியான வண்டியா பாத்து வாங்கியிருக்க தம்பி" என்றாள்.

"மூணு வாரந்தாங்க" என்றாள் ரேலீன். "கோழிக்கும் ஆள் வேணுமில்ல."

முன்னால் ஒரு டிராக்டர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நெரிடா கேரவனைப் பின்பக்கமாகவே மேடையிலிருந்து இறக்கி, இரண்டு கோதுமை லாரிகளுக்கு நடுவில் நுழைத்து, ஒரே வளைப்பில் சாலைக்குக் கொண்டுபோனாள். லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். பழக்க தோஷம், நானும் தட்டிவிட்டேன்.

மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தேன். குளிர்பெட்டியில் ஏதாவது இருக்குமா என்று போனேன். அதன் கதவில், நான் தூண்டில் பெட்டியில் ஒளித்து வைத்த காகிதம் ஒட்டியிருந்தது. காலையில் கிளம்பும் முன்பே ஒட்டியிருக்கிறாள்.

சிவப்பு மையில் திருத்தம். மெர்வின் 82 என்பதை அடித்து 104. பக்கத்திலேயே மார்ச் மாதத்து டாக்டர் சீட்டு. நெரிடா 200 என்பதை அடித்து 61. ரேலீன் 78 என்பதை, காகிதமே கிழியும் அளவுக்கு அடித்து, 55. அதற்கும் கீழே, கேரவன் தொட்டித் தண்ணீர் என்று நான் போட்டிருந்த பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு பதினாறு சேர்த்து, நூற்றறுபது.

அடியில் அவள் எழுதியிருந்தாள்: "ஊர் எல்லை தாண்டினதும் தொட்டிய திறந்து விட்டுடுவோம். அது இல்லேன்னா உங்க வண்டியில அஞ்சு பேருமே தாராளமா போகலாம்ங்க. கோழிக்கு மறக்காம தண்ணி வைங்க."